திட்டத்துக்கு முந்திய வீடுகள்: தாம்பரம் வட்டாரக் குடியிருப்பு வளர்ச்சி, 1931–2021

முன்னுரை

சென்னையின் தென்புறநகரில் வீடுகள் முதலில் எழுந்தன. சாலையும் வடிகாலும் பின்னால் வந்தன. அரசின் வரன்முறை கடைசியாக வந்தது. இந்த வரிசை எவ்வாறு உருவானது, எதிர்கால வீட்டுத் தேவைக்குத் திட்டமிட அது என்ன கற்றுத்தருகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ரயில் தந்த வளர்ச்சி

1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. நகரத்தில் வேலை, புறநகரில் வீடு என வாழ வழி பிறந்தது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என ரயில் நிலையங்களைச் சுற்றியே குடியிருப்புகள் பெருகின.

திட்டமும் நடைமுறையும்

1971இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1975இல் நடைமுறைக்கு வந்த சென்னைப் பெருநகரின் முதல் முழுமைத் திட்டம், நெரிசலைக் குறைக்க மறைமலை நகர் போன்ற துணைநகரங்களை முன்வைத்தது. ஆனால் நடுத்தரக் குடும்பங்கள் துணைநகரத்துக்காகக் காத்திருக்கவில்லை. ரயிலுக்கு எட்டும் தூரத்தில், கைக்கு எட்டும் விலையில் கிடைத்த அரை கிரவுண்டை வாங்கின.

அந்த மனைகள் உருவான முறையைக் கவனிக்க வேண்டும். விவசாய நிலத்தை அளந்து, கல் நட்டு, சாலைக்கு இடம் விட்டுப் பிரிப்பார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லாதபோதும், 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்றே விற்பார்கள். பத்திரம் பதிவாகிவிடும். வாங்கியவர் கழிவுநீர்த் தொட்டி கட்டி, ஆழ்துளைக் கிணறு போட்டுக் குடியேறுவார். மழைநீர் போக வழி இருக்காது. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே புதுச்சாலை போடுவதால், சில ஆண்டுகளில் வீட்டு வாசல் தெருவைவிடத் தாழ்ந்துவிடும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தபோது, நீர்வழியைப் பாராமல் வீடு கட்டியதன் விலை தெரிந்தது.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. 2017இல் அந்த மனைகளை முறைப்படுத்த அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. கட்டணம் செலுத்தியவர்களுக்கு ஆணை கிடைத்தது. பூங்காவுக்கும் வடிகாலுக்கும் விட்டிருக்க வேண்டிய நிலம் திரும்பக் கிடைக்கவில்லை.

ஏழைகளின் இடம்

அங்கீகாரமற்ற மனைகளுக்கு மாற்று வழியும் இருந்தது. 1977இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளோடு மனைகள் ஒதுக்கப்பட்டன. பெரிய மனைகளையும் வணிக மனைகளையும் விற்ற பணம், சிறு மனைகளின் விலையைக் குறைத்தது. ஏழையும் நடுத்தரக் குடும்பமும் ஒரே மனைப்பிரிவில் வீடு கட்டினார்கள்.

2000க்குப் பின் போக்கு மாறியது. நகரின் குடிசைவாசிகள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் குடியமர்த்தப்பட்டனர். வீட்டு வேலைக்கும் சுமை வேலைக்கும் போனவர்களுக்குப் பிழைப்பு தூரமானது. பிள்ளைகளின் பள்ளி மாறியது. வீடு கிடைத்தும் வாழ்வாதாரம் சிதைந்தது.

முடிவுரை

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரை. அடுத்த முழுமைத் திட்டம் மூன்று விஷயங்களை உறுதிசெய்ய வேண்டும். ஏரி, கால்வாய், வெள்ளநீர் வழி ஆகியவற்றின் எல்லையை முதலில் குறித்து வெளியிட வேண்டும். மனை பிரியும் முன்பே வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் போட வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வீடுகளையும் வாடகை வீடுகளையும் ரயில் நிலையங்களுக்கு அருகிலேயே ஒதுக்க வேண்டும். வசதிகளோடு மனை தருவதும் ஏழைகளுக்கு இடம் ஒதுக்குவதும் 1977இல் தொடங்கிய திட்டத்தில் நம்மால் செய்ய முடிந்தவைதான். இனி வரும் தலைமுறைக்கு அவற்றைச் செய்யாமல் விட நியாயமான காரணம் எதுவும் இல்லை.