ஆர் 31.0 பிறந்த கதை

"சிறுநீர் சிவப்பாகப் போகிறது, கட்டியும் வந்தது, வலி இல்லை." அமெரிக்க டாக்டர் ஒருவர் இப்படி எழுதிவைத்த குறிப்பைச் சென்னையில் நோய்களுக்குக் குறியீட்டெண் போடும் ஒரு மெடிக்கல் கோடர் படித்தால், அவர் விரல் தானாகத் தட்டும் எழுத்தும் எண்ணும் ஆர் 31.0. கண்ணுக்குத் தெரியும்படி சிறுநீரில் ரத்தம். கோடர்கள் வாயில் 'கிராஸ் ஹெமட்டூரியா'.

இந்தக் குறியீட்டுப் பட்டியலின் பூர்வீகம் சாவுக் கணக்கு. ஒரே நோய்க்கு ஊருக்கொரு பெயர் எழுதினால் இறந்தவர்களை எப்படி எண்ணுவது? பொதுப் பட்டியல் வேண்டுமென்று 1853இல் பிரஸ்ஸல்ஸ் புள்ளியியல் மாநாட்டில் தீர்மானம் கொண்டுவந்தவர் அஷில் கியார். 1893இல் சிகாகோவில் அப்படியொரு பட்டியலை முன்வைத்தவர் அவருடைய பேரன் ழாக் பெர்த்தியோன். ழாக்கின் தம்பி அல்ஃபோன்ஸ், குற்றவாளிகளை உடலளவு எடுத்து அடையாளம் காணும் முறையைப் பாரிஸ் போலீசுக்குத் தந்தவர். வகைபிரிப்பது அந்த வீட்டுத் தொழில் போலிருக்கிறது!

சாவுப் பட்டியலுக்கு வேண்டியது காரணம். அறிகுறிக்கு அங்கே என்ன வேலை? 1948இல் உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்று, ஆறாவது திருத்தத்தில் உயிரோடிருப்பவர்களின் நோய்களையும் சேர்த்தது. அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவனும் கணக்கில் வந்தான்.

அதே பட்டியலின் ஒன்பதாம் திருத்தத்தை அமெரிக்கா வைத்திருந்த காலத்தில் சிறுநீர் ரத்தம் எதுவானாலும் 599.7தான். கழிப்பறையைச் சிவப்பாக்கிய ரத்தமும், நுண்ணோக்கியில் மட்டும் தெரிந்த நாலு சிவப்பணுவும் ஒரே பெட்டியில். கண்ணுக்குத் தெரியும் ரத்தத்தின் பின்னே புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு அதிகம்; இரண்டையும் ஒன்றாகக் கட்டியது பெரிய ஓட்டை. 2008 அக்டோபர் 1 முதல் பெட்டி பிரிந்தது: கண்ணுக்குத் தெரிவது 599.71, தெரியாதது 599.72, எதுவென்று எழுதாதது 599.70. 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா பத்தாம் திருத்தத்துக்கு மாறியபோது 599.71இன் இடத்துக்கு வந்தது ஆர் 31.0.

'ஆர்' என்பது அறிகுறிகளின் அத்தியாயம். காரணம் இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். 'திடீர் சிறுநீர்ப்பை அழற்சி, ரத்தத்துடன்' என்று டாக்டர் எழுதிவிட்டால் கோடு என் 30.01, ரத்தம் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. கூடவே ஆர் 31.0 போடக்கூடாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டையும் போட்டு ஆடிட்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் இடம் இது.

பீட்ரூட் தின்றாலும் சிறுநீர் சிவக்கும்; பயப்பட வேண்டாம். அப்படி எதுவும் தின்னாத நாளில் சிவந்தால், ஒரே தடவையோடு நின்றுவிட்டாலும், வலியே இல்லாவிட்டாலும், யூராலஜிஸ்டைப் போய்ப் பாருங்கள்.