சட்டையைக் கழற்றும் வாசல்

தென்னைக்கு வட்டப்பாத்தி எடுத்துத் தூவுகிறார்களே, செங்கல் தூள் நிறத்தில் பொட்டாஷ் உரம், அது உள்ளூர்ச் சரக்கல்ல. இந்தியாவில் விற்கும் பொட்டாஷ் ஏறக்குறைய முழுவதும் கப்பலில் வந்து இறங்குவது. அதில் ஒரு பங்கு கனடாவின் சஸ்காச்சுவன் மாகாணத்துச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடலின் உப்பு, தரைக்கு அடியில் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் படுகை படுகையாகக் கிடக்கிறது. சிவப்பு நிறம் அதில் கலந்த இரும்பு ஆக்சைடு கொடுத்தது. அந்த உப்பிலிருந்து ஒரே ஒரு பொட்டாசியம் அயனியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

இத்தனை காலமும் குளோரைடுகளுக்கு நடுவே அசையாமல் இருந்தது. பொள்ளாச்சித் தோப்பில் பாசனத் தண்ணீர் பட்டதும் கரைந்து தனியாளாகிறது. உடனே நீர் மூலக்கூறுகள் ஓடிவந்து, தங்கள் ஆக்சிஜன் முனையை அதன் பக்கம் திருப்பிச் சூழ்ந்துகொள்கின்றன. இதுதான் அயனியின் சட்டை. இதன் பிறகு நீரில் எங்கே போனாலும் சட்டையோடுதான்.

வேர், தண்டு, காய் என்று ஏறி இளநீரில் சேர்கிறது. 100 மில்லி இளநீரில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருப்பது சாதாரணம். வெயிலில் நின்று ஒருவர் குடிக்கிறார். சிறுகுடல் வழியாக ரத்தத்துக்கு வந்தாயிற்று.

ரத்தத்தில் அதற்கு அதிக இடமில்லை. லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல், அவ்வளவுதான். செல்லுக்குள்ளோ சுமார் 140. கூட்டம் குறைந்த இடத்திலிருந்து நெரிசலுக்குள் போவது மேட்டில் ஏறுவது மாதிரி. தானாக நடக்காது, இறைத்துத்தான் ஏற்ற வேண்டும். அந்த இறைவையை 1957-ல் நண்டின் நரம்பில் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். வினாடிக்குச் சில நூறு அயனிதான் அதன் வேலைத்திறன்.

நம் அயனி போய்ச் சேர்ந்தது இதயத் தசையின் ஒரு செல். ஒவ்வொரு துடிப்பிலும் சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்கின்றன, தசை சுருங்குகிறது. அது தளர வேண்டுமானால் பொட்டாசியம் வெளியேற வேண்டும். சவ்வோ கொழுப்பு. நீர்ச்சட்டை போட்ட எதையும் அது அண்டவிடாது. வழி, சவ்வைத் துளைத்து நிற்கும் புரதக் கால்வாய் ஒன்றுதான்.

இங்கேதான் பெரிய புதிர். சோடியம் அயனியின் ஆரம் 0.95 ஆங்ஸ்ட்ராம், பொட்டாசியத்தின் ஆரம் 1.33. மிளகு விழும் சல்லடையில் கடுகு நின்றால் எப்படி? இந்தக் கால்வாயில் அதுதான் நடக்கிறது. பெரியது போகிறது, சின்னது நிற்கிறது. 10,000 பொட்டாசியத்துக்கு ஒரு சோடியம் நுழைவதே அபூர்வம். இவ்வளவு சோதித்து அனுப்பும் வாசலில் நெரிசல் ஏற்பட வேண்டாமா? வேகமான கால்வாய்களில் வினாடிக்கு 10 கோடி அயனிகள் வரை கடக்கின்றன.

விடையின் ஒரு பாதி 1955-லேயே கிடைத்தது. நரம்பு ஆய்வாளர்கள் ஹாட்ஜ்கினும் கீன்ஸும் ஓட்டுக்கணவாயின் தடித்த நரம்பிழையில் கதிரியக்கப் பொட்டாசியத்தை விட்டு அளந்தார்கள். அயனிகள் தனித்தனியே போவதாக வைத்துக்கொண்டால் கணக்கு ஒத்துவரவில்லை. குறுகிய நீளமான துளையில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகின்றன என்றார்கள். கால்வாய் எப்படி இருக்கும் என்று யாரும் பார்க்காத காலம் அது.

பார்த்தவர் ராடெரிக் மெக்கின்னன். மருத்துவம் படித்து, மருத்துவராகவும் இருந்துவிட்டு, அதை விட்டு ஆய்வகத்துக்கு வந்தவர். ஒரு மண் பாக்டீரியாவின் பொட்டாசியம் கால்வாயைப் படிகமாக்கி, 1998-ல் எக்ஸ் கதிர் வழியே அதன் உருவத்தை வெளியிட்டார். 2003-ல் வேதியியல் நோபல்.

அந்தக் கால்வாயின் அமைப்பு இது. கால்வாயின் நடுவே நீர் நிறைந்த ஒரு சிறு கூடம். அதுவரை அயனி சட்டையோடு வரலாம். கூடத்தைத் தாண்டினால் 12 ஆங்ஸ்ட்ராம் நீளத்துக்கு ஓர் இடுக்கு. திருச்செந்தூர்க் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக முடியும், இங்கும் அப்படித்தான். ஆனால் கழற்றுவதற்கு ஆற்றல் செலவாகும். அந்த நஷ்டத்தை யார் ஈடுகட்டுவது? இடுக்கின் சுவரிலிருந்து புரதத்தின் ஆக்சிஜன்கள் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. பொட்டாசியத்தைச் சுற்றி நீர் எப்படி நின்றதோ, அதே தூரத்தில், எட்டு ஆக்சிஜன். கழற்றிய கையோடு அளவெடுத்துத் தைத்த மாற்றுச்சட்டை. சோடியத்துக்கு அது தொளதொளப்பு. சுவர் நெருங்கி வந்து அணைக்காது. ஆகவே அது தன் நீரைக் கழற்றவே துணியாது.

வேகத்துக்குக் காரணம் பின்னாலிருந்து வரும் தள்ளு. இடுக்கில் நான்கு இருக்கைகள். நேர்மின்சுமை கொண்டவை ஒன்றையொன்று விலக்கும். இந்தப் பக்கம் ஒன்று ஏறினால் அந்தப் பக்கம் ஒன்று விழும். அயனிகளுக்கு இடையே ஒவ்வொரு நீர் மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறது என்பது மெக்கின்னன் காலத்து விளக்கம். நீரே இல்லை, தோளோடு தோள் உரசித்தான் போகின்றன என்று 2014-ல் கணினி உருவகிப்புகளை வைத்து ஒரு குழு வாதாடியது. வழக்கு இன்னும் நடக்கிறது. பாடப்புத்தகம் போடும் குழாய்ப் படத்தில் இந்தச் சண்டையின் சுவடே இருக்காது.

நம் அயனி வெளியே வந்து, மறுபடி நீரை உடுத்திக்கொண்டு ரத்தத்தில் சுற்றுகிறது. கடைசியில் சிறுநீரகம். அங்கும் இதே குடும்பத்துக் கால்வாய் ஒன்று அதைச் சிறுநீரில் சேர்க்கும். சாப்பிடும் பொட்டாசியத்தில் சுமார் 90 சதவீதம் இப்படித்தான் போகிறது.

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அந்த வாசல் இல்லை. பார்க்க வருகிறவர் ஆசையாய் இளநீர் சீவி வாங்கி வந்தால் நர்ஸ் தடுப்பது இதனால்தான். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டால் செல்லின் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கி, இதயத்தின் தாளமே தப்பும். அந்தப் பொட்டாசியத்தை வெளியேற்றும் டயாலிசிஸ் குழலில் இருக்கும் சவ்வோ வெறும் சல்லடை. அதற்குச் சோடியமும் பொட்டாசியமும் ஒன்றே. அதனால் மறுபுறம் ஓடும் திரவத்தில் சோடியத்தை ரத்தத்தில் இருக்கும் அளவுக்கே கலந்து, பொட்டாசியத்தை மட்டும் லிட்டருக்கு 2 மில்லிமோல் போலக் குறைத்து வைக்கிறார்கள். அயனி இந்த முறை சட்டையைக் கழற்றாமலே சரிந்து கடக்கிறது. ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் ஆகும்.