மலையும் எழுத்தும்

கலசப்பாக்கத்தில் நின்றால் பர்வதமலையும் ஜவ்வாது மலைத் தொடரும் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. கையிலிருக்கும் பத்திரிகைதான் தெரிவதில்லை. வெள்ளெழுத்து என்னும் இந்தச் சங்கடம் நாற்பதைக் கடந்தவர்களுக்கெல்லாம் பொது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதாக ஆக விறைத்துப்போய், கிட்டத்துப் பொருளுக்கு வளைந்து கொடுக்க மறுக்கிறது.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினுக்கும் இதே தொல்லைதான். பிரயாணத்தில் படிக்க ஒரு கண்ணாடி, வெளிக்காட்சி பார்க்க இன்னொன்று என்று மாற்றி மாற்றிப் போட்டுச் சலித்துப் போனார். இரண்டையும் பாதியாக அறுத்து, மேலே தூரத்துக்கும் கீழே படிப்புக்குமாக ஒரே வளையத்தில் பொருத்தச் செய்தார். 1785-ல், எழுபத்தொன்பதாம் வயதில், ஜார்ஜ் வாட்லி என்ற நண்பருக்கு இதை எழுதுகிறார். பிரான்சில் விருந்துக்குப் போனால் தட்டில் இருப்பதும் தெரிகிறதாம், எதிரே பேசுகிறவர் முகமும் தெரிகிறதாம். முகம் தெரிந்தால் பிரெஞ்சு மொழியே நன்றாகப் புரிகிறதாம்!

அந்த நடுக்கோட்டை அழித்து வெற்றி கண்டவர் பிரான்சின் பெர்னார் மைத்தனாஸ். மேலிருந்து கீழாகச் சக்தி சிறிது சிறிதாகக் கூடும் அவருடைய கண்ணாடி 1959-ல் விற்பனைக்கு வந்தது.

கோடு போயிற்று, ஆனால் ஓரங்கள் மங்கின. பக்கத்தில் பார்க்கத் தலையையே திருப்ப வேண்டும். குனியாமல் படியிறங்கினால் படி மங்கலாகத் தெரியும். பழகச் சில நாள், சிலருக்குச் சில வாரம் ஆகும். தூரமும் கிட்டமும் மாறி மாறித் தேவைப்படுகிறவருக்கு அது வரம். மணிக்கணக்காகப் படுத்துக்கொண்டு நாவல் படிக்கிறவருக்குச் சாதாரணப் படிப்புக் கண்ணாடியே சுகம். கால் தடுமாறும் முதியவர், வெளியே நடக்கத் தூரக் கண்ணாடி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது.

கடைக்குப் போகுமுன், பிராங்க்ளினைப் போல நாமும் நம் கண் ஒரு நாளில் எங்கெங்கே போய்வருகிறது என்று கணக்குப் பார்த்துவிட வேண்டும்.