தீவாய் நின்ற நகரும் மின்சேமிப்பும்

கடலாற் சூழப்பட்ட நிலத்தைத் தீவு என்பர். கடல் சூழாத பேர்லின் மாநகரின் மேற்குப் பகுதியோ, அரசியற் பகையினால், மின்வலுத் துறையில் நாற்பத்திரண்டு ஆண்டுகள் தீவாய் நின்றது. பெருமின்கலவடுக்குக்களின் வரலாற்றில் இந்நகர் பெற்ற இடம் அத்தனிமையின் பயனேயாம்.

மின்னைச் சேமிக்கும் முயற்சி பழையது. 1859 இல் பிரான்சிய அறிஞர் பிளாந்தே ஈயச் சேமிப்புக்கலத்தை ஆக்கினார். நேரோட்டம் வழங்கிய பழைய மின்னிலையங்கள் இத்தகைய கலங்களைத் துணைக்கொண்டன. பின்னர் ஆடலோட்டம் மேலோங்கியது. அதனை நேரே கலத்தில் அடைத்தல் இயலாதாகலின், கலங்கள் மின்வழங்கலிற் சிறப்பிழந்தன.

1948 யூன் 24 ஆம் நாள் சோவியத்து அதிகாரிகள் மேற்குப் பேர்லினுக்குச் செல்லும் தரைவழிகளையும் நீர்வழிகளையும் அடைத்தனர். கிழக்கிலிருந்து வந்த மின்னும் நின்றது. வீடுகளுக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரமளவே மின் கிடைத்தது. உணவும் நிலக்கரியும் வானூர்திகளில் வந்தன. மின்னிலையமொன்றை மீளக் கட்டுதற்கான பொறிப்பகுதிகளும் அவ்வாறே வந்தன. 1949 மே மாதத்தில் முற்றுகை நீங்கிற்று. எனினும் 1952 இல் இரு பகுதிகளின் மின்வலைகளும் பிரிக்கப்பட்டன.

இதனால் விளைந்த இடர் யாது? ஆடலோட்ட மின்வலையில் ஆக்கமும் நுகர்வும் கணந்தோறும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின் செக்கனுக்கு 50 என்னும் மீடிறன் பிறழும். பரந்த மின்வலையில் ஒரு பொறி நின்றால் அயற்பொறிகள் பல கைகொடுக்கும். தனித்த நகருக்குக் கைகொடுப்பார் இலர். எனவே பொறிகளைக் குறைசுமையில் ஓட்டி, எஞ்சிய வலுவை ஒதுக்கி வைக்க நேர்ந்தது. எரிபொருள் வீணாயிற்று.

இக்குறையைப் போக்க, பேவாக் என்னும் மின்வழங்கு நிறுவனம் 1986 இல் 17 மெகாவாற்று வலுவுடைய ஈயக் கலவடுக்கை நிறுவியது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 14 மெகாவாற்று மணியே. நகர் முழுவதையும் ஒளிரச் செய்தல் அதன் நோக்கமன்று. பொறிகள் விரைவு பெறும் வரையுள்ள சிறு இடைவெளியை நொடியில் நிரப்புதலே நோக்கமாகும்.

1990 இல் ஜேர்மனி ஒன்றாயிற்று. 1994 திசெம்பரில் நகர் மேற்கு ஐரோப்பிய மின்வலையுடன் இணைந்தது. கலவடுக்கின் தேவையும் ஒழிந்தது.

ஆயின் அது கற்பித்த பாடம் ஒழியவில்லை. 2016 செத்தெம்பர் 28 இற் புயல் மின்கோபுரங்களைச் சாய்க்கத் தென் அவுத்திரேலியா முழுவதும் இருளில் மூழ்கியது. அடுத்த ஆண்டில் அங்கு ஓர்ன்ஸ்டேலில் 100 மெகாவாற்று இலிதியக் கலவடுக்கு எழுந்தது. காற்றையும் ஞாயிற்றையும் நம்பும் மின்வலைகளுக்குக் கணப்பொழுதிற் கைகொடுக்கும் துணை இன்றியமையாதது. பகைமை சூழ்ந்த நகரொன்று தன்னைக் காக்கத் தேடிய வழியே, இன்று பகையறியா நாடுகளுக்கும் வழியாயிற்று.