வோஸ்: ஒரு நகரம் காத்த முன்னிலைச் சொல்

ஸ்பானிய மொழி கற்பதற்கென்றே அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸுக்குச் செல்வோர் பலர். அவர்கள் கையிலுள்ள பாடநூல் பெரும்பாலும் முன்னிலை ஒருமைக்குத் 'தூ' என்று கற்பித்திருக்கும். அந்நகரத் தெருக்களில் அச்சொல்லைக் கேட்பது அரிது. அங்கே நண்பரும் கடைக்காரரும் 'வோஸ்' என்றே அழைப்பர். 'உன்னிடம் இருக்கிறது' என்பதற்கு நூல் 'தியெனெஸ்' என்னும். நகரம் 'தெனேஸ்' என்னும். தெருவைக் குறிக்கும் 'காயே' அங்கே 'காஷே' என ஒலிக்கும். இவற்றைப் பிழையென ஒதுக்குவதா, பாடமெனக் கொள்வதா? விடை காண அந்நகரின் வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

'வோஸ்' இழிவழக்காகப் பிறந்த சொல்லன்று. லத்தீனில் அது முன்னிலைப் பன்மை. பிற்கால ரோமானியப் பேரரசில் மன்னனை விளிக்கும் மரியாதைச் சொல்லாயிற்று. இடைக்கால ஸ்பெயினில் பிரபுக்களுக்கும் உரியதாயிற்று. எல்லோரையும் அவ்வாறு விளிக்கத் தொடங்கியதும் அதன் மதிப்புத் தேய்ந்தது. அவ்விடத்தை நிரப்ப 'தங்கள் அருள்' எனப் பொருள்படும் தொடரொன்று வந்து, காலப்போக்கில் 'உஸ்தெத்' எனச் சுருங்கியது. தமிழ் பயின்றோர்க்கு இக்கதை புதிதன்று. தொல்காப்பியர் பன்மையாகக் கூறும் 'நீயிர்', 'நீர்' எனத் திரிந்து, ஒருவரையே சிறப்பிக்கும் சொல்லாகி, 'நீங்கள்' வந்தபின் ஒரு படி இறங்கியதை நாம் அறிவோம்.

ஸ்பெயின் நாளடைவில் 'வோஸ்' என்பதைக் கைவிட்டுத் 'தூ'வையே கொண்டது. அரசப் பிரதிநிதிகளின் அவைகள் இருந்த மெக்சிகோவும் லிமாவும் அவ்வழக்கைப் பின்பற்றின. 1580ல் ஹுவான் தெ கராய் இரண்டாம் முறையாக நிறுவிய புவெனஸ் ஐரிஸோ பேரரசின் கடைக்கோடி. அதற்கென ஓர் அரசப் பிரதிநிதி அமைந்தது 1776ல்தான். அவை நாகரிகம் எளிதில் எட்டாத அத்தொலைவே பழஞ்சொல்லைக் காத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கப்பல் கப்பலாக மக்கள் வந்திறங்கினர், இத்தாலியரே அதிகம். 1914ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகர மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். 1871ல் மஞ்சள் காய்ச்சலுக்கு அஞ்சிச் செல்வர்கள் நகரின் தென்பகுதியை விட்டு வடக்கே நகர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற பெரிய வீடுகள் பல, அறைக்கொரு குடும்பம் வாழும் 'கொன்வென்தீயோ'க்கள் ஆயின. ஒரே முற்றத்தில் இத்தாலியின் பல வட்டார மொழிகளும் ஸ்பானியமும் கலந்தன.

அக்கலப்பில் வளர்ந்ததே 'லுன்ஃபார்தோ' என்னும் நகரவழக்கு. வேலைக்கு 'லபூரோ', சோம்பலுக்கு 'ஃபியாகா'. இரண்டும் இத்தாலி வழிவந்தவை. அசைகளை முன்பின்னாக்கும் விளையாட்டும் உண்டு: 'தாங்கோ' அதில் 'கோதான்' ஆகும். 1894ல் அந்தோனியோ தெயெபியானே இச்சொற்களைத் தொகுத்தபோது நூலுக்கு 'குற்றத்தின் மொழி' என்றே பெயரிட்டார். ஆனால் 1917ல் பாஸ்குவால் கொந்துர்சி எழுதிய 'மி நோச்சே திரிஸ்தே'யைக் கார்லோஸ் கார்தேல் பாடியபோது, அதே சொற்கள் காதற்பிரிவைச் சொல்லும் சொற்களாயின.

எதிர்ப்பும் குறைவில்லை. பள்ளிகள் 'தூ'வையே வற்புறுத்தின. 1941ல் ஸ்பானிய அறிஞர் அமெரிக்கோ காஸ்த்ரோ அந்நகரப் பேச்சில் ஒழுங்கின்மையைக் கண்டு நூலெழுதினார். அதனைப் போர்ஹெஸ் அதே ஆண்டில் கூர்மையாக எள்ளினார். இத்தனைக்கும் லுன்ஃபார்தோவை அவர் பெரிதாக மதித்தவரல்லர். பிறர் வந்து தம் நகரத்து நாவைத் திருத்துவதே அவருக்கு உவப்பில்லை. 1943ல் ஆட்சியைப் பிடித்த இராணுவ அரசு வானொலிப் பாடல்களில் இவ்வழக்கைத் தடுத்தது. பழைய தாங்கோக்களின் வரிகளும் மாற்றப்பட்டன. 1949ல் அத்தடை தளர்ந்தது. 1962ல் லுன்ஃபார்தோவுக்கெனத் தனி ஆய்வுக் கழகமே தோன்றியது. 1982ல் அர்ஜென்டின இலக்கியக் கழகம் 'வோஸ்' வழக்கைக் கற்றோர் வழக்காகவும் ஏற்றது.

ஆகவே அங்கு ஸ்பானியம் கற்கச் செல்வோர் 'தூ' என்றாலும் நகரம் புரிந்துகொள்ளும். ஆனால் அயலார் என அறிந்துகொள்ளும். 1911ல் திறக்கப்பட்ட துறைமுகக் குடியேறிகள் விடுதி இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. அதில் தங்கியோரின் பேச்சைக் கேட்க விரும்பினால் வெளியே வந்து தெருவில் நடந்தால் போதும். ஒவ்வொரு 'லபூரோ'விலும் ஒரு கப்பல் பயணம் இருக்கிறது.