ரஷ்ய அங்கதப் புனைகதை: பத்தொன்பதாம் நூற்றாண்டு

ஜார் மன்னர்கள் ஆண்ட ரஷ்யாவின் நிர்வாகத்தையும் பண்ணையடிமை முறையையும் சிரிப்பின் வழியே விசாரித்த கதை, நாவல் மரபு இது. இம்மரபின் முதன்மையான படைப்புகள் 1830களுக்கும் 1890களுக்கும் இடையில் எழுதப்பட்டவை. நிக்கலாய் கோகல், மிகயீல் சல்திகோவ்-ஷெத்ரின், அன்டன் செகாவ் ஆகிய மூவரே இதன் பெரும் பெயர்கள்.

இந்த இலக்கியம் வளர்ந்த மண் அரசு அலுவலகம். மகா பீட்டர் 1722இல் கொண்டுவந்த பதவிப் பட்டியல் அரசு ஊழியர்களை 14 படிநிலைகளில் நிறுத்தியது. ஒருவரை எப்படி விளிக்க வேண்டும் என்பதையும் அவருடைய படிநிலையே தீர்மானித்தது. முதலாம் நிக்கலாஸ் காலத்தில் (1825-1855) இந்த அமைப்பின் மீது கண்காணிப்பும் கவிந்தது. 'மூன்றாம் பிரிவு' என்ற ரகசியக் காவல் துறை 1826இல் தொடங்கப்பட்டது. அச்சுக்குப் போகும் எதுவும் முதலில் தணிக்கையாளரின் மேசைக்குப் போக வேண்டும். நேராகச் சொல்ல முடியாததை வளைத்துச் சொல்லும் கலை அந்த நெருக்கடியில்தான் கூர்மை பெற்றது.

முன்னோடிகள் நாடகத்திலும் நீதிக்கதையிலும் இருந்தார்கள். ஃபொன்வீசின் 1782இலேயே கல்லாத நிலப்பிரபுக் குடும்பத்தை மேடையேற்றினார். கிரிலோவின் விலங்குக் கதைகள் வீடுதோறும் படிக்கப்பட்டன. கிரிபொயேதவ் 1820களில் எழுதிய 'அறிவால் வந்த துயரம்' நாடகமோ கையெழுத்துப் பிரதிகளாகவே ஊரெல்லாம் பரவியது. வெட்டுப்படாத முழு வடிவம் ரஷ்யாவில் அச்சேறியது 1862இல். ஆசிரியர் தெஹ்ரானில் கொல்லப்பட்டு அப்போது 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.

உரைநடையில் இம்மரபைத் தொடங்கிவைத்தவர் கோகல் (1809-1852). உக்ரைனின் பொல்தாவா வட்டாரத்திலிருந்து 1828இல் பீட்டர்ஸ்பர்க் வந்தவர், சில காலம் அரசு அலுவலகங்களில் எழுத்தராக வேலை பார்த்தார். கோப்பின் வாசனை அவர் கதைகளில் அப்படியே இருக்கிறது. கவிஞர் புஷ்கின் நடத்திய 'சவ்ரிமென்னிக்' இதழில் 1836இல் வந்த 'மூக்கு' கதையில், கவல்யோவ் என்ற அதிகாரியின் மூக்கு காணாமல் போய், சீருடை அணிந்து வண்டியில் நகரைச் சுற்றுகிறது. கவல்யோவ் எட்டாம் படிநிலைக்காரர்; மூக்கின் சீருடையோ ஐந்தாம் படிநிலைக்கு உரியது. தன் மூக்கை எதிரில் பார்த்தும் அதனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று அவர் தயங்கி நிற்கிறார். பதவிப் பட்டியல் ஒரு மனிதனை என்ன செய்துவிடும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அந்தச் சந்திப்பைத் தேவாலயத்தில் நடப்பதாக எழுதியிருந்தார் கோகல். தணிக்கைக்காக அதைக் கடைவீதிக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதே ஆண்டில் 'அரசாங்க ஆய்வாளர்' நாடகம் அரங்கேறியபோது ஜார் மன்னரே வந்து பார்த்தார்.

'இறந்த ஆன்மாக்கள்' (1842) நாவலின் கதைக்கரு ஒரு வரிச்சட்டத்தின் ஓட்டையில் இருக்கிறது. அன்றைய ரஷ்யாவில் ஆண் பண்ணையடிமைகள் ஒவ்வொருவருக்கும் தலைவரி உண்டு. கணக்கெடுப்பு பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கும். இடையில் செத்துப்போனவர்கள் அடுத்த கணக்கெடுப்புவரை ஏட்டில் உயிரோடு இருப்பார்கள். அவர்களுக்கும் நிலப்பிரபு வரி கட்ட வேண்டும். நாவலின் நாயகன் சிச்சிக்கோவ் ஊர் ஊராகப் போய் இந்தப் பெயர்களை மலிவாக வாங்குகிறான். ஏட்டில் இருக்கும் ஆட்களை ஈடு காட்டி அரசிடம் கடன் வாங்குவது அவன் திட்டம். சபாக்கேவிச் என்ற பண்ணையார் ஒரு பெயருக்கு 100 ரூபிள் கேட்டுத் தொடங்குகிறார். செத்துப்போன வண்டி செய்பவனின் கைத்திறனையும் தச்சனின் உடல்வலுவையும் செருப்புத் தைப்பவனின் நேர்த்தியையும், அவர்கள் முற்றத்தில் நிற்பதுபோல அடுக்குகிறார். கடைசியில் பேரம் இரண்டரை ரூபிளில் முடிகிறது. கொரோபோச்கா என்ற விதவைக்கு வேறு கவலை: இறந்தவர்களுக்குச் சந்தையில் என்ன விலை போகிறதோ, ஏமாந்துவிட்டோமோ என்று விசாரிக்க அவள் நகரத்துக்கே வந்துவிடுகிறாள். மனிதர்களை விற்பது அங்கே அன்றாட வியாபாரம் என்பதால்தான் அவர்களுக்கு இந்தப் பேரம் விசித்திரமாகப் படவில்லை. சிரிக்கத் தொடங்கும் வாசகனுக்கு நெஞ்சு கனப்பது இந்த இடத்தில்.

ஏட்டில் அடிமைகளை 'ஆன்மா' என்றே எண்ணுவது வழக்கம். ஆன்மா அழிவற்றது, அது எப்படி இறக்கும் என்று மாஸ்கோ தணிக்கைக் குழு தலைப்பைப் பிடித்துக்கொண்டதாகக் கோகல் கடிதத்தில் எழுதியிருக்கிறார். பிறகு பீட்டர்ஸ்பர்க்கில், தலைப்பின் முன்னால் 'சிச்சிக்கோவின் சாகசங்கள்' என்று சேர்த்து, போரில் ஊனமுற்ற கேப்டன் கப்பேய்க்கினின் கிளைக்கதையை மழுங்கடித்த பின்னரே அனுமதி கிடைத்தது. அதே 1842இல் வெளிவந்த 'மேல்கோட்டு', ஒன்பதாம் படிநிலையைத் தாண்டாத ஒரு நகல் எழுத்தனின் துயரத்தைச் சொன்னது. கோகல் 1852இல் நாவலின் இரண்டாம் பாகத்தைத் தீயிலிட்டுச் சில நாட்களில் இறந்தார். அவருக்கு அஞ்சலிக் கட்டுரை எழுதியதற்காகத் எழுத்தாளர் துர்கனேவ் ஒரு மாதம் காவலில் வைக்கப்பட்டு, பிறகு தம் பண்ணைக்கு அனுப்பப்பட்டார்.

1850களில் கெடுபிடி தளர்ந்ததும் அங்கதம் இதழ்களுக்குள் பெருகியது. கவிஞர் அலெக்ஸேய் தல்ஸ்தோயும் ஜெம்சூஷ்னிக்கவ் சகோதரர்களும் சேர்ந்து கஸ்மா புருத்கோவ் என்றொரு கற்பனை அதிகாரி-எழுத்தாளரை உருவாக்கினர். 'இஸ்க்ரா' வார இதழ் (1859-1873) மாகாண ஊழல்களைக் கேலிச்சித்திரங்களோடு வெளியிட்டது. தஸ்தயேவ்ஸ்கியும் இத்துறையில் கைவைத்தார். 1865இல் வந்த 'முதலை' அதற்குச் சான்று.

இந்தத் தலைமுறையில் தனித்து நிற்பவர் சல்திகோவ்-ஷெத்ரின் (1826-1889). ரஷ்யாவுக்கு வெளியே கோகலுக்குக் கிடைத்த வாசகர்களில் சிறு பங்குகூட இவருக்குக் கிடைக்கவில்லை; அது பெரிய இழப்பு. இளவயதில் எழுதிய ஒரு குறுநாவலுக்காக 1848இல் வியாத்காவுக்கு நாடுகடத்தப்பட்டு ஏழரை ஆண்டுகள் அங்கே அரசு ஊழியராக இருந்தார். பின்னர் ரியாசான், த்வேர் மாகாணங்களில் துணை ஆளுநர். லஞ்சம் எந்தக் கதவு வழியாக வருகிறது, உத்தரவு எந்த மேசையில் திரிகிறது என்பதையெல்லாம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்த்தவர். கோகலின் மாகாணம் கற்பனையின் பெருக்கம் என்றால், ஷெத்ரினின் மாகாணம் நிர்வாகியின் சாட்சியம்.

அவருடைய 'ஒரு நகரத்தின் வரலாறு' (1869-1870) குளூப்பவ் என்ற மூட நகரத்தை ஆண்ட அதிகாரிகளின் பழங்குறிப்பேடுபோல எழுதப்பட்டது. அவர்களில் ஒருவரான புருதாஸ்தியின் தலைக்குள் மூளைக்குப் பதில் சிறிய இசைப்பெட்டி ஒன்றுதான் இருக்கிறது. பொறுத்துக்கொள்ள மாட்டேன், அழித்துவிடுவேன் என்ற பொருளில் இரண்டே மெட்டு. ஈரத்தில் அது பழுதாகிவிட, கடிகாரம் பழுதுபார்க்கும் பைபகோவ் ரகசியமாக அழைக்கப்படுகிறார். இன்னொருவருக்குத் தலை முழுக்கப் பூரணம். அதன் மணத்தில் மயங்கிய பிரபு ஒருவர் அதைத் தின்றே விடுகிறார். கடுகுச் சாந்தைப் பயன்படுத்த வைப்பதற்காகக் குடிகள்மீது படையெடுக்கிறார் வேறொருவர். கடைசியில் வருகிற உக்ரியூம்-புர்சேயெவ் நகரையே இடித்து நேர்கோட்டில் கட்டப் பார்க்கிறார், ஓடும் ஆற்றை நிறுத்தப் பார்க்கிறார். ஷெத்ரின் ரஷ்ய மக்களை இழிவுபடுத்துகிறார் என்று அந்நாளில் ஒரு விமர்சனம் எழுந்தது. அவர் கண்டித்ததோ, எந்த அதிகாரி வந்தாலும் குனிந்து கும்பிட்ட பழக்கத்தை. அந்தக் கண்டிப்புக்குள் தம் மக்கள்மீது அவர் கொண்ட வேதனை தெளிவாகவே கேட்கிறது.

நேராகச் சொல்லாமல் வளைத்துச் சொல்லும் தம் நடையை அவர் ஈசாப்பின் மொழி என்று அழைத்தார். அந்தப் பெயரே நிலைத்தது. 1869இல் எழுதிய ஒரு கதையில் ஆளில்லாத் தீவில் சிக்கிய இரண்டு ஜெனரல்கள் பசியால் தவிக்க, குடியானவன் ஒருவன் வந்து சமைத்துப் போடுகிறான். தன்னைக் கட்டிப்போடுவதற்கான கயிற்றையும் அவனே திரித்துக் கொடுக்கிறான். 1861இல் சட்டப்படி ஒழிந்த அடிமைத்தனம் எங்கே எஞ்சியிருந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 'கலவ்ல்யோவ் குடும்பம்' (1875-1880) சிரிப்பைத் தாண்டிப் பெருந்துயரமாகவே ஆகிவிடும் நாவல். அவர் ஆசிரியராக இருந்த 'அத்தேசெஸ்த்வென்னியே சப்பீஸ்கி' இதழை அரசு 1884இல் மூடியது. கரடி ஆளுநராகும் கதை போன்றவை அவர் வாழ்நாளில் ரஷ்யாவில் சட்டப்படி அச்சேறவில்லை. கள்ளப் பிரதிகளாகவே சுற்றின.

செகாவ் (1860-1904) வந்தபோது வடிவமே சுருங்கியது. அவர் எழுதிய 'அஸ்கோல்கி' வார இதழில் ஒரு கதைக்குச் சுமார் 100 வரிதான் இடம். 'எழுத்தனின் மரணம்' (1883) கதையில், ஜெனரலின் வழுக்கைமீது தும்மிவிட்ட ஒருவன் மன்னிப்புக் கேட்டுக் கேட்டே செத்துப்போகிறான். 'தடியனும் ஒல்லியனும்' கதையின் முதல் வடிவத்தில் தடித்த நண்பர் ஒல்லியவனுக்கு மேலதிகாரி. 1886இல் திருத்தியபோது அந்த உறவைச் செகாவ் நீக்கிவிட்டார். திருத்திய கதையில் யாரும் அதட்டவில்லை. நண்பரின் பதவியைக் கேட்டதுமே ஒல்லியவன் தானாகக் குறுகிப்போகிறான். மரபின் பார்வை அதிகாரியிடமிருந்து அஞ்சுபவனின் மனத்துக்குள் திரும்பியதை இந்த ஒரு திருத்தத்தில் பார்த்துவிடலாம். 'உறைக்குள் மனிதன்' (1898) அந்தப் பாதையின் முதிர்ந்த படைப்பு.

இருபதாம் நூற்றாண்டில் மிகயீல் புல்ககோவ் ஷெத்ரினைத் தம் ஆசான் என்று 1930இல் சோவியத் அரசுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். புல்ககோவ் 1925இல் எழுதிய 'நாயின் இதயம்' அந்நாட்டில் வெளிவந்தது 1987இல். அங்கதக் கதைகளால் பெரும்புகழ் பெற்ற மிகயீல் சோஷென்கோ 1946இல் எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார்.