இரு சூரியோதயங்கள் கண்ட வான்வழி

இலங்கையின் தென்கரையில், காலி நகருக்கு அண்மையில் அமைந்துள்ளது கொக்கலை வாவி. அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் நகருக்கு அங்கிருந்து வான்வழித் தூரம் சுமார் 5,650 கிலோமீற்றர். மைல் கணக்கில் ஏறக்குறைய 3,500. இக்காலத்து ஜெற் விமானம் அத்தூரத்தை ஏழு மணி நேரமளவில் கடந்துவிடும். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலோ அதனைக் கடக்க ஒரு பகலும் ஓர் இரவும் போதவில்லை.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. அதனோடு இங்கிலாந்தையும் அவுஸ்திரேலியாவையும் இணைத்த வான்வழி அறுந்தது. அடுத்த மாதமே அந்தமான் தீவுகளும் வீழ்ந்தன. அறுந்த வழியை மீண்டும் இணைக்க வேண்டுமாயின், இடையில் இறங்கித் தங்க இடமின்றி இந்து சமுத்திரத்தை ஒரே மூச்சிற் கடத்தல் வேண்டும். 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குவாண்டாஸ் நிறுவனத்தார் அப்பணியைத் தொடங்கினர். பேர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து எழும் கற்றலினா என்னும் கடல்விமானம் கொக்கலை வாவியில் வந்திறங்கியது.

அவ்விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீற்றரே. நெடுவழிக்கு வேண்டிய எரிபொருள் ஏறக்குறைய 2,000 கலன். அப்பாரத்தின் காரணமாக மூன்று பயணிகளுக்கும் 69 கிலோகிராம் தபாலுக்கும் மேல் ஏற்ற இயலவில்லை. புறப்பட்டுப் பல மணி நேரம் வரை இரு எந்திரங்களுள் ஒன்று பழுதுற்றாலும் விமானம் வானில் நிலைத்திராது. பகைவர் செவிக்கு எட்டாதிருக்க வானொலிச் செய்தி அனுப்புவதும் தவிர்க்கப்பட்டது. விண்மீன்களை நோக்கியே மாலுமிகள் திசை தேர்ந்தனர். அவ்விமானங்கள் ஐந்துக்கும் விண்மீன்களின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தமை பொருத்தமானதே.

பகைவிமானங்கள் உலாவக்கூடிய வான்பரப்பை இருளிற் கடக்கும்படி புறப்படும் நேரம் வகுக்கப்பட்டது. ஆகவே, பயணிகள் ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயம் கண்டனர். எதிர்க்காற்று வீசிய நாட்களிற் பயணம் மேலும் நீண்டது. அவற்றுள் மிக நீண்டது 32 மணி 9 நிமிடம். கடந்து வந்த பயணிகளுக்கு ‘இரு சூரியோதய இரகசியக் குழாம்’ என்ற பெயரில் நற்சான்றுப் பத்திரமும் வழங்கப்பட்டது.

1945 ஜூலை வரை நடைபெற்ற இச்சேவையில், 271 முறை சமுத்திரம் கடக்கப்பட்டது. ஒரு விமானமேனும் ஓர் உயிரேனும் இழக்கப்படவில்லை. எனினும், போர் முடிந்தபின், அமெரிக்காவிடமிருந்து இரவலாகப் பெற்ற அவ்விமானங்கள் உடன்படிக்கையின்படி கடலில் அமிழ்த்தப்பட்டன.

2018 மார்ச்சில் அதே நிறுவனத்தின் விமானமொன்று பேர்த்திலிருந்து எங்கும் தரிக்காது இலண்டனைச் சென்றடைந்தது. சுமார் 14,500 கிலோமீற்றர் தூரத்துக்கு அதற்குத் தேவைப்பட்டது 17 மணி நேரமே. அன்று அந்நேரத்தில் கற்றலினா கொக்கலையை எட்டியிராது. இருள் சூழ்ந்த நடுச்சமுத்திரத்தின் மேல், அடுத்த சூரியோதயத்தை எதிர்நோக்கிப் பறந்துகொண்டிருக்கும்.